ஆபத்தான பார்க்குக்குள்ள வாசகரை இறக்கி விடுறது எப்படி: கிளைக்கதை எழுத வர்றவங்களுக்கு

ரோலர் கோஸ்டர்ல ஏறுறியா, பேய் வீட்டுக்குள்ள போறியான்னு கேக்குறது, ஏறினா தண்டவாளம் உடைஞ்சு செத்துட்ட, உள்ள போனா பேய் கழுத்தை நெரிச்சு செத்துட்டன்னு முடிச்சிடுறது. புதுசா கிளைக்கதை எழுத வர்றவங்க நெறைய பேரு இப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க, படிக்கிறவங்களும் ரெண்டு தடவை செத்துப் பார்த்துட்டு போனை வெச்சுட்டு வேற வேலைக்கு போயிடுறாங்க. சாவு வர்றது தப்பே இல்ல, நாம எழுதப் போறதே ஆபத்தான அம்யூஸ்மென்ட் பார்க்குல நடக்குற கதைதானே. ஆனா செத்தவங்களுக்கு "அட, அந்த போர்டை பார்த்தேனே, அப்பவே யோசிச்சிருக்கணும்"னு தோணணும். தோணலைன்னா நாம எழுதினது கதை இல்ல, காசு சுண்டிப் போடுற ஆட்டம். கீழ நான் சொல்ற எல்லாமே அந்த ஒரு "அட"வை வரவழைக்கத்தான்.

கிளைக்கதைன்னா என்னன்னு தெரியாம இங்க வந்தவங்களுக்கு: கொஞ்சம் கதை (இதை ஒரு துண்டுன்னு வெச்சுக்கோங்க), அப்புறம் ரெண்டு மூணு வழி, நீங்க எதை எடுக்குறீங்களோ அந்தப் பக்கத்துக்கு கதை போகும். அமெரிக்காவுல 1979ல இருந்து பக்கம் திருப்பி விளையாடுற புக்கா சக்கை போடு போட்டது, இப்போ போன்லயும் பிரவுசர்லயும் லிங்க் அழுத்தி விளையாடுறோம்.

முதல்ல மேப், கதை அப்புறம்

எல்லாரும் முதல்ல மரம் மாதிரி கிளை வரைவாங்க, அங்கதான் மாட்டிக்குவாங்க. கணக்கு போட்டுப் பாருங்க, ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு வழி, அஞ்சு தடவை கேக்குறீங்கன்னா மொத்தம் 63 துண்டு எழுதணும். பத்து தடவைன்னா 2047 துண்டு, அதுல 1024 முடிவு. படிக்கிறவங்க அதுல பதினோரு துண்டைப் பார்த்துட்டு போயிடுவாங்க. ஆபீஸ் முடிஞ்சு மும்பையில விரார் லோக்கல் ட்ரெயின்ல தொங்கிட்டு வர்ற நமக்கு இதெல்லாம் ஆகுற வேலையா.

பார்க்கை களமா எடுத்ததுல பெரிய வசதியே இதுதான், பார்க்குக்கு ஏற்கெனவே ஒரு மேப் இருக்கு. ஒரு ஏ4 பேப்பர் எடுத்து கேட், டிக்கெட் கவுண்டர், ஃபுட் கோர்ட், ஜயன்ட் வீல், கோஸ்டர், டிராப் டவர் (உச்சிக்கு ஏத்தி சீட்டோட கீழ விழ விடுற ரைடு), கண்ணாடி மேஸ் (வழி தெரியாம சுத்த வைக்கிற கண்ணாடி அறை), பேய் வீடு, மெஷின் ரூம், படகு ஏறுற ஜெட்டி இவ்வளவு போடுங்க. எது எதுக்கு பக்கத்துல, எந்த வழி சுத்து, எந்த வழி குறுக்கு, எது பூட்டியிருக்குன்னு கோடு போடுங்க. இப்போ வாசகர் கிளையில ஏறிப் போகல, இடத்துக்கு இடம் நடக்குறாரு, திரும்பியும் வர்றாரு. ஃபுட் கோர்ட்டை நடுவுல வெச்சு எல்லா வழியும் ஒரு தடவையாவது அங்க வந்து சேர்ற மாதிரி பண்ணிட்டா, இருபத்தஞ்சு முப்பது துண்டுலயே நல்ல கதை கிடைக்கும், ஒவ்வொருத்தரும் வேற வேற வரிசையில விளையாடுவாங்க.

மும்பைக்காரங்களுக்கு மாதிரியும் வெளிய தேட வேண்டாம். எஸ்ஸெல்வேர்ல்டுங்கிற பார்க்குக்கு கோராய் பக்கம் ஃபெர்ரி பிடிச்சு போன தலைமுறை நம்ம வீட்டுலயே இருக்கு, அம்மாவையோ மாமாவையோ கேட்டா ஜெட்டியில நின்ன கதை சொல்லுவாங்க. மாஹிம் தர்கா உர்ஸ் சமயத்துலயும் செப்டம்பர்ல பாந்த்ரா மவுண்ட் மேரி திருவிழாவுலயும் ஜயன்ட் வீல் போடுறாங்க, சாயங்காலம் போய் ரைடுல ஏறாம சும்மா சுத்துங்க. ஜெனரேட்டர் எங்க வெச்சிருக்கான், ஒயர் எங்க போகுது, ஆபரேட்டர் எங்க உக்காருறான், கூட்டத்தை எந்த கயிறால பிரிக்கிறான்னு குறிச்சுக்கோங்க. உங்க கதை பார்க்குக்கு மட்டும் நிஜ பார்க் பேரை வெக்காதீங்க, உள்ள ஆளு சாகப் போறான், பேரு கற்பனையா இருக்கறதுதான் எல்லாருக்கும் நல்லது.

ஆபத்துக்கு ஒரு சட்டம் வைங்க

இந்த இடத்துல அவசரப்படாதீங்க, மத்த எல்லாத்தையும் விட இதுக்குத்தான் நேரம் செலவழிக்கணும். உங்க பார்க் ஏன் ஆபத்து? பேய்தான் காரணம்னாலும் சரி, மெயின்டனன்ஸ் பண்ணாத முதலாளிதான் காரணம்னாலும் சரி, அந்த ஆபத்து ஒரே மாதிரி நடந்துக்கணும். பேய் வெளிச்சத்துக்கு வராதுன்னா கடைசி வரைக்கும் வெளிச்சத்துக்கு வரக்கூடாது. நமக்கு வசதியா இருக்குன்னு கிளைமாக்ஸ்ல டியூப்லைட் அடியில வந்து நின்னா வாசகர் அதுக்கப்புறம் நம்மளை நம்ப மாட்டாரு.

என்னைக் கேட்டா பேயை விட மெஷின் பயங்கரம், ஏன்னா மெஷினுக்கு ஏற்கெனவே சட்டம் இருக்கு, அதை நாம கண்டுபிடிக்க வேண்டியதில்ல. பழைய கோஸ்டர் மேல ஏறும்போது டக் டக் டக்னு சத்தம் வரும்ல, அது ட்ரெயின் பின்னாடி உருண்டு வராம இருக்க ஒவ்வொரு பல்லா பிடிச்சுக்கிற இரும்பு நாக்கோட சத்தம். இதை முதல் சீன்லயே ஒரு கிழட்டு மெக்கானிக் வாயால சொல்ல விட்டுடுங்க. அப்புறம் இருபது துண்டு தள்ளி, ட்ரெயின் மேல ஏறுது, மோட்டார் சத்தம் கேக்குது, டக் டக் மட்டும் கேக்கலன்னு ஒரு வரி எழுதுங்க. கவனிச்சவன் ஏற மாட்டான். ஏறினவன் செத்தா "அட"ன்னுவான்.

டிராப் டவர் இன்னும் நல்லா இருக்கும், ஏன்னா அது நாம நினைக்கிறதுக்கு நேர் எதிர். நிறைய டவர்ல பிரேக் காந்தத்துல வேலை செய்யுது, சீட்டுல காந்தம், கீழ தூணோரமா செம்புத் தகடு மாதிரி ஒண்ணு, ரெண்டும் கிட்ட வேகமா நகரும்போதே வேகத்தைக் குறைக்கிற விசை வந்துடும், அதுக்கு கரண்டே வேண்டாம். அதனால பார்க்குல கரண்ட் போன நேரத்துல, நீங்க டவர் உச்சியில சீட்டுல மாட்டியிருக்கீங்க, ஈரமான ஏணியில இறங்குறதா இல்ல சீட்டைப் பிடிச்சிருக்குற கொக்கியை விடுவிச்சு சீட்டோடயே விழுறதான்னு கேட்டா, பாதிப் பேரு ஏணியைத்தான் எடுப்பாங்க, வழுக்கி விழுவாங்க. மெஷின் ரூம்ல அந்த பிரேக் படத்தைப் பார்த்தவன் மட்டும் கண்ணை மூடிக்கிட்டு விழுந்து பிழைப்பான். (குட்டிப் பசங்க படிக்கிற கதைன்னா நிஜ ரைடுல ஆபரேட்டர் சொல்றதைத்தான் கேக்கணும்னு ஒரு வரி போட்டுடுங்க, நம்ம பசங்களை நம்ப முடியாது.)

ஜயன்ட் வீலுக்கும் ஒரு சட்டம் இருக்கு, பிரேக் விட்டா எந்தப் பக்கம் பாரம் அதிகமோ அந்தப் பக்கம் கீழ வரும். கரண்ட் இல்லாத வீல்ல மேல மாட்டின தங்கச்சியை கீழ கொண்டு வரணும்னா யாரை எந்தக் கூண்டுல ஏத்தணும்? இது ஒரு முழு புதிர், வில்லனே தேவையில்ல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பூட்டு. ஃபேக்டரி மாதிரி இடத்துல ரிப்பேருக்கு உள்ள போறவன் மெயின் ஸ்விட்சை அணைச்சு அதுல தன் சொந்த பூட்டைப் போட்டு ஒரு டேக் மாட்டிட்டு சாவியை தன் பாக்கெட்லயே வெச்சுக்குவான், வெளிய இருந்து எவனும் தெரியாம ஆன் பண்ணிடக் கூடாதுன்னு. இப்போ உங்க கதையில பின்னாடி ஆளு துரத்துறான், கோஸ்டரை ஓட்டினா தப்பிக்கலாம், ஸ்விட்சுல சிவப்பு டேக்கோட ஒரு பூட்டு, கையில இரும்பு ராடு. உடைக்கிறீங்களா? உடைச்சா நீங்க தப்பிச்சிடுவீங்க, ஆனா தண்டவாளத்துக்கு அடியில ஒருத்தன் இருந்தான். செத்தது வாசகர் இல்ல, ஆனா பாருங்க, எல்லாரும் திரும்பிப் போய் வேற வழி தேடுவாங்க.

கடிகாரம் ஒண்ணு ஓடணும்

சுத்திச் சுத்தி வர்ற மேப்ல ஒரு பிரச்சனை, வாசகர் எல்லா இடத்தையும் நிதானமா பார்த்துட்டு வந்துடுவாரு, பயம் போயிடும். அதனால ஏதாவது ஒண்ணு தீர்ந்துக்கிட்டே இருக்கணும். டார்ச் பேட்டரி, டிக்கெட், மூச்சு, எதுவா வேணா இருக்கலாம், ஆனா கடல் ஓரத்துல இருக்குற நமக்கு, தண்ணி ஏறி வர்ற ஹை டைட் இருக்கும்போது வேற எதுக்கு. லோ டைட்ல இருந்து ஹை டைட்டுக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். ஆறு மணிக்கு கதை ஆரம்பிக்குது, ஒவ்வொரு தடவை இடம் மாறும்போதும் அரை மணி போகுது, அப்போ வாசகருக்கு மொத்தம் பன்னெண்டு நகர்வுதான். நாலாவது நகர்வுல ஜெட்டிப் படி நனையுது, எட்டாவதுல கண்ணாடி மேஸ் தரையில தண்ணி, பத்தாவதுல மெஷின் ரூமுக்குள்ள போகவே முடியாது. மழைக்காலத்துல நாலரை மீட்டருக்கு மேல ஹை டைட் வர்ற நாளையெல்லாம் பிஎம்சி (மும்பை மாநகராட்சி) முன்கூட்டியே லிஸ்ட் போட்டு சொல்லிடுறாங்க, அப்படி ஒரு ஜூலை நாளை எடுத்துக்கோங்க, ஃபெர்ரியும் நின்னுடும், யாரும் வந்து காப்பாத்தவும் மாட்டாங்க.

எவ்வளவு நேரம் ஆச்சுன்னு வாசகருக்கு தெரியணும், நம்பரா இல்லாம தண்ணி கணுக்காலுக்கு வந்துடுச்சு, முட்டிக்கு வந்துடுச்சுன்னு சொன்னாலே போதும்.

துண்டு எழுதுறது

ஒரு துண்டு போன் ஸ்க்ரீன்ல ஒரு ஸ்க்ரோலுக்கு மேல போகக்கூடாது. எழுபதுல இருந்து நூத்தம்பது வார்த்தை. இடம் எப்படி இருக்கு, ஏதோ ஒண்ணு நடக்குது, ஏதோ ஒண்ணு சரியில்ல, அப்புறம் வழி. இந்த மாதிரி:

கோஸ்டர் அடியில நிக்கிற. மழை விட்டிருக்கு, தண்டவாளத்துல இருந்து இன்னும் சொட்டுது. காலி ட்ரெயின் ஒண்ணு மேல ஏறிக்கிட்டிருக்கு, மோட்டார் முனகுறது மட்டும் கேக்குது. பிளாட்பாரத்துல இருக்குற ஆளு "ஆஜா ஆஜா, லாஸ்ட் ரவுண்ட்"னு கை காட்டுறான். பின்னாடி டிக்கெட் கவுண்டர் பக்கம் ரெண்டு டார்ச் வெளிச்சம் நெருங்கி வருது.

– அடுத்த ட்ரெயின்ல ஏறி உக்காரு
– இரும்புப் படிக்கட்டுல இறங்கி மெஷின் ரூமுக்கு ஓடு
– "சத்தம் ஏன் வரல"ன்னு அந்த ஆளுகிட்ட கேளு

மூணாவது வழி, மெக்கானிக்கோட பேசினவங்களுக்கு மட்டும் தெரியுற மாதிரி வைங்க. அது கண்ணுல பட்ட உடனே, நாம முன்னாடி கேட்டது வீண் போகலன்னு வாசகருக்கு ஒரு சந்தோஷம் வரும், அதுக்காகவே அடுத்த தடவை எல்லாரோடயும் பேசுவாரு.

இடது பக்கம் போறியா வலது பக்கம் போறியான்னு மட்டும் கேக்காதீங்க, அது வழியே இல்ல. இடது பக்கம் பாப்கார்ன் வாசனை வருது ஆனா ஆள் சத்தம் இல்ல, வலது பக்கம் இருட்டு ஆனா யாரோ தமிழ்ல பேசுறாங்கன்னு சொல்லிட்டு கேளுங்க. வழியில என்ன செய்யறோம்னு எழுதினது உள்ள போனதும் மாறக்கூடாது. "கதவைத் தட்டு"ன்னு அழுத்தினா அடுத்த துண்டுல "நீ கதவை உடைச்சுட்டு உள்ள பாயுற"ன்னு இருந்தா, அதை நான் பண்ணலயேன்னு வாசகர் சண்டைக்கு வருவாரு, நியாயமும் அவர் பக்கம்தான்.

நீயா நீங்களா? நான் நீன்னுதான் எழுதுவேன், நீங்கன்னு எழுதினா பயப்பட வேண்டிய இடத்துல பேங்க் மேனேஜர் பேசுற மாதிரி ஆயிடுது. தமிழ்ல நமக்கு ஒரு சவுகரியம், "நீ ஓடுற"ன்னா ஆணா பொண்ணான்னு வினைச்சொல்லு காட்டிக் குடுக்காது, யாரு வேணாலும் தன்னை வெச்சுப் படிக்கலாம். ஆனா கதையில வர்ற மத்தவங்க வாயைத் திறந்தா காரியம் கெட்டுடும், வாடா, வாடி, தம்பி, அக்கான்னு யாரோ ஒருத்தர் கூப்பிட்ட உடனே பாதி வாசகர் வெளிய போயிடுவாங்க. வாட்ச்மேன் இந்தியிலதான் பேசுறான்னு வெச்சு "பாஸ்"னு கூப்பிட விடலாம், இல்லன்னா கையில கட்டின டிக்கெட் பட்டை நம்பரை வெச்சு "ஏய் நூத்திப் பதினேழு"ன்னு கூப்பிடலாம். ரெண்டாவது கொஞ்சம் பயமாவும் இருக்கு.

சாவு சீன் சின்னதா இருக்கட்டும், நாலு வரி போதும், ரத்தத்தை விவரிச்சுக்கிட்டே போகாதீங்க. ஏன் செத்தோம்ங்கிறது அதுல தெரியணும். செத்த உடனே ஆரம்பத்துக்கு அனுப்பாதீங்க, கடைசியா எடுத்த முடிவுக்கு ஒரு லிங்க் குடுங்க. மொத்த முடிவுல ஒண்ணாவது முழுசா தப்பிக்கிறது, ரெண்டு மூணு தப்பிச்சும் ஏதோ ஒண்ணை இழக்குறது, மிச்சம் சாவு, இந்த அளவு போதும்.

எதுல எழுதுறது

கம்ப்யூட்டர் இருந்தா ட்வைன்ங்கிற சாஃப்ட்வேர். இலவசம், 2009ல கிறிஸ் கிளைமாஸ் ஆரம்பிச்சது, கோடிங் தெரிய வேண்டாம். பிரவுசர்லயே திறந்துக்கலாம். ஒவ்வொரு துண்டும் ஒரு பெட்டி, உள்ள ரெண்டு சதுர அடைப்புக்குள்ள [[மெஷின் ரூமுக்கு ஓடு->மெஷின்ரூம்]]னு அடிச்சா அந்தப் பேர்ல புதுப் பெட்டி தானா வந்து கோடு இழுத்துக்கும், உங்க ஏ4 மேப் அப்படியே ஸ்க்ரீன்ல வந்துடும். மெக்கானிக்கைப் பார்த்தாச்சா, எத்தனை நகர்வு ஆச்சுன்னு ஞாபகம் வெக்கிறதுக்கு மட்டும் ரெண்டே கட்டளை கத்துக்கணும், ஒண்ணு மதிப்பு வெக்கிறது, இன்னொண்ணு இப்படி இருந்தா இதைக் காட்டுன்னு சொல்றது. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் போதும்.

தமிழ்ல அடிக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெட்டிப் பேரு ஒரு எழுத்து மாறினாலும் லிங்க் போய்ச் சேராது, நம்ம கொ, கோ மாதிரி எழுத்தை ஒரு கீபோர்டு ஒரே குறியா போடும், இன்னொண்ணு ரெண்டு துண்டா போடும், கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும், கம்ப்யூட்டருக்கு வேற வேற. போன்ல அடிச்சு லேப்டாப்ல ஒட்டுறவங்களுக்குத்தான் இது அதிகம் வரும். பெட்டிக்கெல்லாம் கே1, கே2ன்னு சின்னப் பேரா வெச்சுட்டா தலைவலி விட்டுது. பிரவுசர்ல எழுதினா கதை அந்த பிரவுசருக்குள்ளதான் இருக்கும், யாரோ டேட்டா கிளியர் பண்ணினா கதையும் காலி, அதனால தினமும் எழுதி முடிச்சதும் ஆர்க்கைவ் பண்ணி வேற இடத்துல ஒரு காப்பி வைங்க.

போன் மட்டும்தான்னா கூகுள் ஃபார்ம்ஸ் போதும், ஒவ்வொரு துண்டையும் ஒரு செக்ஷனா போட்டு பதிலைப் பொறுத்து அந்த செக்ஷனுக்கு போன்னு செட்டிங் குடுக்கலாம். ஞாபகம் வெக்கிறதெல்லாம் அதுல நடக்காது, சின்னக் கதைக்கு சரி.

அதுவும் வேண்டாம்னா வாட்ஸ்அப் குரூப். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு துண்டு போடுங்க, கீழ ஓட்டெடுப்பு (போல்) வைங்க, மறுநாள் எதுக்கு ஓட்டு அதிகமோ அந்தப் பக்கம் எழுதுங்க. எல்லாக் கிளையையும் எழுத வேண்டியதே இல்ல, ஜெயிச்ச கிளை மட்டும்தான். செம்பூர், சயான் பக்கம் சொசைட்டி குரூப்ல வாரா வாரம் தண்ணி டேங்கர் சண்டைதான் ஓடும், நடுவுல இதைப் போட்டுப் பாருங்க, மாமிங்கதான் முதல்ல வந்து "ஏறாதே ஏறாதே"ம்பாங்க.

விளையாட விட்டுப் பாருங்க

எழுதினவங்களுக்கு எந்த லிங்க்ல சாவுன்னு தெரியும், அதனால உங்க டெஸ்ட் கணக்குல வராது. ஒருத்தரைப் பக்கத்துல உக்கார வெச்சு சத்தமா படிக்கச் சொல்லுங்க, நீங்க வாயே திறக்காதீங்க. அவங்க எங்க வழியைப் பார்க்காம படபடன்னு அழுத்துறாங்களோ அங்க துண்டு நீளம். எங்க விரல் ரெண்டு லிங்க்குக்கும் நடுவுல நிக்குதோ அது நல்லா வந்திருக்கு, அதுல கை வெக்காதீங்க. செத்த உடனே "இது எப்படி எனக்குத் தெரியும்?"னு கேட்டா குறிப்பு பத்தல, முன்னாடி ஒரு துண்டுல ஒரு வரி சேருங்க. "ப்ச், தெரியும்ல"ன்னு தலையில தட்டிக்கிட்டா சரி.

ட்வைன்ல பப்ளிஷ் பண்ணினா ஒரே ஒரு எச்டிஎம்எல் ஃபைல் வரும், வாட்ஸ்அப்ல டாக்குமென்டா அனுப்பலாம், ஆனா சிலர் போன்ல திறக்கத் தெரியாம முழிப்பாங்க, அதுக்கு பதிலா இட்ச்.ஐஓ தளத்துல இலவசமா ஏத்தி பிரவுசர்லயே விளையாடுறதுன்னு குறிச்சுட்டா வெறும் லிங்க் அனுப்பினா போதும். அனுப்பிட்டு "நல்லா இருக்கா?"ன்னு கேக்காதீங்க, நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. எங்க செத்தீங்க, அதுக்கு முன்னாடி என்ன நெனச்சு அழுத்தினீங்கன்னு கேளுங்க, அடுத்து எந்தத் துண்டைத் திருத்தணும்னு அதுலயே தெரிஞ்சிடும்.